நம்முடைய அரைமணி

கல்வராயன் மலையின் கரியாலூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கையில் இருக்கும் வாட்ச் 12 மணி காட்டாது. ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் கால்மணி கடந்திருக்கும். இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82½ பாகைத் தீர்க்கக்கோடு வடக்கே மிர்சாப்பூர் அருகே போகிறது. கல்வராயன் மலை அதற்கு ஏறத்தாழ 4 பாகை மேற்கே. பாகைக்கு 4 நிமிடக் கணக்கு. 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கு ஒரே நேரம் வகுக்கப்பட்டது. அதற்கு முன் ரயில்களை ஓட்டிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியிருந்தது. ஆக, இந்த மலையில் யார் கட்டிய வாட்சும் வேறோர் ஊரின் மணியைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய பயணக் கைக்கடிகாரங்களை எடைபோட நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன். எத்தனை உயர்ந்த சுவிஸ் வாட்சாக இருந்தாலும், கிரீன்விச்சுக்கு முந்திய நம் ஐந்தரை மணியில் ஒட்டியிருக்கும் அந்த அரையை அது எப்படிக் கையாள்கிறது என்பதே என் முதல் கேள்வி.

பயண வாட்ச் மரபுகளில் மூத்தது ஜெனீவாவின் லூயி கோட்டியே தொடங்கிவைத்தது. 1931இல் அவர் அமைத்த 'உலக மணி' ஏற்பாட்டில், டயலைச் சுற்றி ஊர்ப் பெயர்கள் இருக்கும். உள்ளே 24 மணி வளையம் ஒன்று மெல்லச் சுழலும். ஒரே பார்வையில் உலகம் முழுவதும் கைக்குள் வந்துவிடும். படேக் பிலிப், வாஷெரான் கான்ஸ்டன்டின் போன்ற பெரிய நிறுவனங்கள் அவரிடம்தான் போய் நின்றன. 1953இல் வந்த படேக் 2523க்கு இரண்டு திருகுகள். ஒன்று சாவிக்கும் முள்ளுக்கும், மற்றது ஊர் வளையத்துக்கு. நீல எனாமல் டயல் கொண்ட அந்த வகை ஒன்று 2019 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த கிறிஸ்டிஸ் ஏலத்தில் 7 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் போனது. அழகில் இதற்கு நிகர் இல்லை, மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிமிட முள் ஒன்றே ஒன்று, எல்லா ஊருக்கும் பொது. முழு மணி வித்தியாசமுள்ள ஊர்களே அதில் சரியாக உட்காரும். அரைமணி ஊர்களையும் சேர்த்து 37 நேரங்களைக் காட்டும் உலக வாட்சை வாஷெரான் கொண்டுவந்தது 2011இல்தான். கோட்டியேயின் முதல் அமைப்புக்கு 80 ஆண்டுகள் கழித்து!

விமானிகளின் மரபு வேறு. அங்கே அலங்காரம் பின்னால், தேவை முன்னால். 1953இல் வந்த கிளைசின் ஏர்மேனின் டயலே 24 மணி டயல். மணிமுள் நாளுக்கு ஒரு சுற்றுதான். அடுத்து, பான் ஆம் விமான நிறுவனத்தின் விமானிகளை மனத்தில் வைத்து 1950களின் நடுவில் ரோலெக்ஸ் செய்த ஜி.எம்.டி. மாஸ்டர் 6542. பகலுக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம் என்று அதன் வெளி வளையம் பேக்கலைட்டில் இருந்தது. அது விரிசல் விடும் பொருள் என்பதால் உலோக வளையத்துக்கு மாறினார்கள். விரிசல் இல்லாத பேக்கலைட்டைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலைவதற்கு அதுவே காரணம். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த 1675; 1980 வரை வந்தது. அதன் வளையத்தில் 'கிளிக்' கிடையாது, உராய்வில்தான் நிற்கும். விரும்பினால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்தலாம். கூடுதலாக உள்ள 24 மணி முள் கிரீன்விச் மணியைச் சொல்லிவிடும். பிற்காலத்தில் வந்த 24 கிளிக் வளையம் முழு மணியில்தான் போய் விழும். புதியது துல்லியமாக இருக்கலாம். இந்தியனின் கைக்குப் பழையதே இசைகிறது.

மணிமுள்ளை மட்டும் தனியாகத் தாண்டவைக்கும் மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. அதுவும் தாண்டுவது முழு மணியாகவே என்பதால் அங்கே நான் நிற்கவில்லை.

தரம் பார்க்கும்போது நம் ஊர்களில் முதலில் பார்க்கவேண்டியது டயலை. என் அப்பாவின் ஃபேவர் லூபாவைச் சர்வீஸுக்குக் கொடுத்தோம். பளபளவென்று திரும்பி வந்தது. ஆனால் வயதேறி மஞ்சளித்த பழைய டயல் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்ததில் எழுத்தும் தடிமனாகிவிட்டிருந்தது. கடைக்காரர் நல்லது செய்ததாகவே நினைத்தார். எனக்கு அப்பாவின் முகத்தையே யாரோ திருத்தி வரைந்ததுபோல் இருந்தது. இப்படி டயல் மாற்றி, கிடைத்த பாகங்களைச் சேர்த்துச் சந்தைக்கு வருபவற்றுக்கு உலகச் சேகரிப்பாளர்களிடையே 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓரங்கள் தேய பாலிஷ் போடாத கூடு, மெஷினுக்கு உரிய காலத்து டயல், டயலுக்கு உரிய முள்: இந்த மூன்றும் பொருந்தினால் கீறல்களைப் பொருட்படுத்தவேண்டாம்.

ஃபேவர் லூபா என்றதும் இந்த மலைக்கு உரிய ஒன்று நினைவுக்கு வருகிறது. 1962இல் அவர்கள் செய்த பிவ்வாக், காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொன்ன முதல் கைக்கடிகாரம். பயணம் என்பது கிழக்கு மேற்காக மட்டுமா? கல்வராயன் 2000 அடியிலிருந்து 3000 அடி வரை எழுகிறது. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து வளைவுகளில் ஏறிக் கரியாலூர் வந்தால், நேரம் ஒரு நொடிகூட மாறாது. பிவ்வாக்கின் உயர முள்ளோ நகர்ந்துகொண்டே இருக்கும். மழை திரண்டு அழுத்தம் இறங்கினால், நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே மலை உயர்ந்ததாகவும் அது சொல்லும். அதனால் உயரம் தெரிந்த இடத்தில் அதைத் திருத்தி வைத்துக்கொள்ளவேண்டும். 1737இல் தொடங்கிய ஃபேவர் லூபா பெயரை 2011இல் வாங்கி 2023 வரை வைத்திருந்தது, ஓசூரில் வாட்ச் செய்யும் நம் டைட்டன்.

பிவ்வாக்கும் 1675ம் எட்டாத விலையில் இருக்கின்றன. எச்.எம்.டி. ஜனதா எட்டும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் 17 கல் வாட்ச். காலையில் சாவி கொடுத்தால் அடுத்த காலை வரை ஓடும். பயணத்துக்கென்று அதில் ஒரு வளையம் இல்லை, கூடுதல் முள் இல்லை. கரியாலூரில் பிற்பகல் 2:30க்கு அதைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். 6இல் நின்ற நிமிட முள் இப்போது 12இல் நிற்கும். மணிமுள் எட்டரையில் இருக்கும். அதை அரைமணி முன்தள்ளிப் படித்தால் 9. கிரீன்விச் நேரம் அப்போது காலை 9 மணி.