கொடுமுடிக் கரைசலும் கதியால் குழையும்

பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கமாட்டார்கள். வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்ந்த அந்தக் கலவை நாள்பட நிற்பதன் சூட்சுமம் அதுதான். அதே பழத்தையும் வெல்லத்தையும் தண்ணீரும் சாணியும் சேர்த்து டிரம்மில் போட்டுப் பாருங்கள், சில நாளில் நுரை கட்டும். பிரசாதத்துக்கு ஆகாத அந்த நொதிப்பு செடிக்கு வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்குக் காவிரித் தீர்த்தம் காவடியில் பழனிக்கு வருவது கொடுமுடியிலிருந்து. பஞ்சகவ்யத்தைப் பயிருக்கான கரைசலாக்கி ஊர் ஊராகப் பரப்பிய டாக்டர் நடராஜனும் அந்தக் கொடுமுடிக்காரர்தான். பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதற்கு ஓர் அளவு சொன்னது: 7 கிலோ சாணியில் 1 கிலோ நெய்யைப் பிசைந்து மூன்று நாள் வைக்க வேண்டும். கோமியமும் தண்ணீரும் பத்துப் பத்து லிட்டர் ஊற்றிப் பதினைந்து நாள். அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன் பழம் 12. முப்பது நாளில் தயார். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கலாம். துணியில் வடிகட்டாவிட்டால் ஸ்பிரேயர் அடைத்துக்கொள்ளும்.

என் மாடித் தோட்டத்துக்கு இதில் கால் பங்கே போதும். காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். ஒரு சித்திரையில் வெளியூர் போய்ச் சில நாள் கலக்காமல் விட்டேன். மூடியைத் திறந்ததும் கனிந்த பழ வாசனைக்குப் பதில் சாக்கடை நாற்றம் அடித்தது. காற்றில்லாமல் கெட்டுப்போன கரைசல் அது. செடிக்கு ஊற்ற மனமில்லாமல் குப்பைக்குழியில் கொட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் பேச்சே வேறு. உரம் அங்கே பசளை, மக்கிய குப்பை கூட்டெரு, சாணி சாணகம், நாம் தழைச்சத்து என்பது நைதரசன். நமக்கு மாட்டுத் தொழுவம் எப்படியோ அவர்களுக்கு வேலி அப்படி. கதியாலாக, அதாவது உயிர்வேலிக் கம்பாக, நட்ட பூவரசையும் சீமைக்கிளுவையையும் வெட்டி, குழை என்கிற அந்தத் தழையைத் தோட்ட மண்ணில் தாழ்ப்பது அங்கே பழைய வழக்கம். திரவப் பசளைக்கும் அந்தக் குழைதான். சாக்கில் திணித்துக் கட்டி, சாணகம் கரைத்த தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு வாரம் ஊறவிட்டு, தெளிந்த சாற்றில் தண்ணீர் கலந்து வேரோரம் ஊற்றுகிறார்கள். பாலும் நெய்யும் விற்கிற விலைக்கு, மாடில்லாத வீட்டுக்கு இதுவே நல்ல வழி என்பேன். சீமைக்கிளுவை காற்றின் தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும் மரம். இலை ஊறும்போது அதில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்குகிறது.

இந்த நல்ல வழக்கத்தின் தலையில்தான் 2021இல் பெரிய பாரம் விழுந்தது. அந்த மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. கூட்டெருவும் திரவப் பசளையும் நாட்டின் வயல்கள் முழுவதையும் தாங்க வேண்டியதாயிற்று. ஒரு டன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்து வேண்டும். தெளிக்கிற கரைசலில் போவதோ கிராம் கணக்கு. பெரும்போகம் என்கிற பெரிய நெற்பருவம் தொடங்கிய அக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவம் விமானத்தில் போய் இறங்கியது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது; விளைச்சல் சரிந்தது. கரைசல் மண்ணில் உயிரைப் பெருக்கும், இலைக்குப் பச்சை கொடுக்கும். அதை வயிறு நிரப்பும் சோறாக்கச் சொன்னது அந்த விவசாயிகளுக்குச் செய்த கொடுமை. இங்கே பழனிக்குப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரர்களிடம் அப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

இப்போது என் மாடியில் இரண்டு வழியும் உண்டு. தொட்டி மண்ணில் முதலில் மக்கிய எரு. மாதமொரு முறை வேலிக் குழை ஊறிய சாறு. கத்தரியும் தக்காளியும் பூக்கும் முன் பஞ்சகவ்யம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் இரண்டையும் தெளிப்பதில்லை. சாணியில் என்ன கிருமி இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.