கூத்தும் கூட்டுழைப்பும்: பேராதனைத் தயாரிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் 1960களின் பேராதனைக் கூத்துத் தயாரிப்புகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் சாதனையென ஒரே வாக்கியத்திற் கூறிச் செல்வது வழக்கமாகிவிட்டது. அக்கூற்றுப் பொய்யன்று. படித்தவர்கள் கூத்தைப் பட்டிக்காட்டு ஆட்டமென ஒதுக்கியிருந்த காலத்தில் அதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தவர் அவரே. ஆயினும் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை (1967) ஆகியவற்றை ஒருவரது ஆக்கமாக மட்டும் நோக்குவோமாயின் அவற்றின் பலமும் பலவீனமும் ஒருங்கே நம் கண்ணுக்கு மறைந்துவிடும். வெவ்வேறு பண்பாட்டில் வளர்ந்தோர் ஒரு பணியிற் கூடியதால் விளைந்தவை அவை. அக்கூட்டத்தில் யார் எதனைக் கொடுத்தார், யார் எதனை விட்டுக்கொடுத்தார் என்பதைக் கேளாமல் அவற்றை மதிப்பிடல் இயலாது.

இதற்கு முதலிற் சிங்கள அரங்கை நோக்கவேண்டும். 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும், அவர்தம் மாணவரும், அம்பலாங்கொடைப் பகுதியின் 'நாடகம' மரபில் ஊறிய சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயும் சேர்ந்து உருவாக்கியது அது. அந்த 'நாடகம' தமிழ்க் கூத்தின் வழிவந்தது. சரச்சந்திர தமது ஆய்விலே இதனை மறைக்கவில்லை. அதன் 'பொத்தே குரு' நமது ஏட்டண்ணாவியாரை உடனே நினைவூட்டுவார். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், தமிழ் வேர்கொண்ட ஆடல்வடிவம் ஒன்று சிங்கள மக்களின் தேசிய நாடகமெனப் போற்றப்பட்டது. போற்றியோர் அவ்வேரை அறிந்திருந்தனரா என்பது வேறு கதை. வித்தியானந்தனோ அயலவர் முற்றத்திலே நமது சொத்தின் பெறுமதியைக் கண்டுகொண்டார்.

மட்டக்களப்பிலே கூத்து விடிய விடிய ஆடப்படுவது. வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். பிற்பாட்டுக்காரர் அவரருகே நிற்பர். ஆடுவோர் அவரைச் சுற்றி ஆடுவர். ஊரார் நாற்புறமும் அமர்ந்திருப்பர். சட்டங்கொடுத்து, மாதக்கணக்கிற் பழகி, சதங்கை அணிந்த பின்னரே அரங்கேற்றம். பேராதனையில் நிலைமை வேறு. மேடை படச்சட்ட மேடை, பார்வையாளர் ஒருபுறத்தே, நேரமோ ஓரிரு மணித்தியாலம். கர்ணன் போருக்கு மாணவரைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். அதனைச் சுருக்கியது பல்கலைக்கழகம். ஆட்டமும் தாளமும் அண்ணாவியாருடையவை. காலமும் மேடையும் தெரிவும் பேராசிரியருடையவை. கற்பித்தவர் ஒருவர், தீர்மானித்தவர் இன்னொருவர். களரியின் நடுவே நின்றவர் மேடையின் ஓரத்துக்கு வந்தார். இதனை வெறும் இடமாற்றமென்று கொள்ள எம்மால் முடியவில்லை.

சுருக்கியதே குற்றமென்பது எமது கருத்தன்று. நாற்புறத்தாருக்கும் கேட்கவேண்டி மீளமீளப் பாடப்பட்ட அடிகள் ஒருபுறம் மட்டும் நோக்கும் மண்டபத்திற் சுமையாகிவிடும். நள்ளிரவுக்குப் பின் வந்தமரும் ஊரவனுக்குப் பயன்பட்டது, அனுமதிச்சீட்டுடன் குறித்த நேரத்துக்கு வருபவனுக்குப் பயன்படாது. கேள்வி, எங்கே வெட்டுவது என்பதை அறிந்தவர் யார் என்பதே. அண்ணாவியாருக்குக் கூத்துத் தெரியும், மண்டபம் தெரியாது. பேராசிரியருக்கு மண்டபம் தெரியும், கூத்தை அவர் வெளியிலிருந்து கற்றவர்.

இந்த இடைவெளியை நிரப்பியவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பிற் பிறந்து கூத்தோடு வளர்ந்து பேராதனையிற் பயின்ற அவர் இராவணேசனை எழுதியதோடு இராவணனாகவும் ஆடினார். அங்கே வெட்டவேண்டிய தேவையே எழவில்லை, அந்த அளவுக்கென்றே எழுதப்பட்டமையால். தோல்வியை எதிர்நோக்கும் ஒருவனின் அகப்போராட்டத்தை ஆட்டமே சுமக்கிறது. நாடகம் என்ற வகையில் அது கர்ணன் போரினும் உயர்ந்ததென்பதில் எமக்கு ஐயமில்லை. நல்லெண்ணம் மட்டும் இதனைச் சாதித்திராது. இரு மொழியும் தெரிந்த ஒருவர் குழுவினுள்ளே இருந்ததே காரணம். ஆனால் வெற்றிக்கு விலையும் உண்டு. புதிய பனுவல் வந்ததும் அண்ணாவியாரின் பழைய கொப்பிக்கு அங்கு வேலையில்லாமற் போயிற்று.

நமது விமர்சகர் இம்முயற்சிகளைச் 'செம்மைப்படுத்தல்' என்பர். செம்மையற்றதையன்றோ செம்மைப்படுத்துவது! அச்சொல்லே கிராமத்தானைக் குழுவின் கீழ்ப்படியில் நிறுத்திவிடுகிறது. அண்ணாவியாரின் நோக்கிலே நின்று இத்தயாரிப்புகளை எடைபோடும் கட்டுரைகள் நம்மிடையே அரியன. இன்றும் சங்க விழாக்களுக்குக் கூத்துக் கலைஞரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அரைமணி நேரத்துள் முடித்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறோம். எதனை விடலாம், எதனை விடலாகாது என அவரைக் கேட்டுவிட்டு நிகழ்ச்சிநிரலை அச்சிற் கொடுக்கும் சங்கத்தை நாம் இன்னும் காணவில்லை.