தி கிளாஷ் பாடல்களுக்குப் பொருள் காணும் மரபுகள்

லண்டனில் 1976ஆம் ஆண்டு கோடையில் மேடையேறிய 'தி கிளாஷ்' இசைக்குழு 1986 தொடக்கத்தில் கலைந்துவிட்டது. பத்தாண்டுக்கும் குறைந்த ஆயுள், ஆறு ஸ்டூடியோ ஆல்பங்கள். பங்க் என்ற பெயரில் அந்தக் கோடையில் முளைத்த குழுக்கள் பலவும் வேகத்தாலும் சீற்றத்தாலும் பேர் வாங்கின. கிளாஷுக்கு அந்த வேகமும் சீற்றமும் இருந்தன. அவற்றோடு சொல்வதற்குச் செய்தியும் இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம், இனவெறி, ஸ்பெயின் உள்நாட்டுப் போர், அணு உலை விபத்து, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவந்த பிள்ளைகள் என்று சில நிமிடப் பாட்டுக்குள் ஒரு முழு உலகத்தையே கொண்டுவந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய ரசிகர்களும் ஆடித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அல்லர். இந்தப் பாட்டு யாரைப் பற்றியது, எழுதியவர் குழுவின் ஸ்ட்ரம்மரா ஜோன்ஸா என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள்.

ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருளும் பரிமேலழகர் வேறொரு பொருளும் கண்ட மொழியில் வாழும் நமக்கு இந்த வாதம் அந்நியமானதன்று. கிளாஷ் ரசிகர்களிடையேயும் பொருள் காணும் மரபுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மரபுக்கும் வலுவும் உண்டு, வழுக்குமிடமும் உண்டு. அவற்றுள் முதன்மையான நான்கையும், பொருளை உரசிப் பார்க்க வேண்டிய அளவுகோல்களையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

குழுவினர்

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜோ ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் மெல்லர். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியரின் மகனாக 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தார். தந்தை பிறந்தது நம் லக்னோவில். உறைவிடப் பள்ளியில் படித்து, லண்டனின் கைவிடப்பட்ட வீடுகளில் குடியேறி வாழ்ந்து, 'ஒன் ஓ ஒன்னர்ஸ்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். மிக் ஜோன்ஸ் பாட்டியிடம் வளர்ந்தவர். வெஸ்ட்வே மேம்பாலத்தைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் வாழ்ந்தார்கள். மெட்டு அமைப்பதில் குழுவிலேயே தேர்ந்த கை அவருடையது. பேஸ் கிடார் வாசித்த பால் சிமோனன் ஓவியம் பயின்றவர். பிரிக்ஸ்டனில் ரெக்கே இசை கேட்டு வளர்ந்தவர். குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. டாப்பர் ஹெடன் 1977இல் டிரம்ஸுக்கு வந்தார். ஜாஸ், ஃபங்க் என எந்தத் தாளமும் அவர் கைக்குப் படியும்.

இந்த நால்வரோடு மேலும் மூவரைச் சொல்ல வேண்டும். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் டெர்ரி சைம்ஸ். தொடக்க மாதங்களில் கிடார் வாசித்துவிட்டு விலகிய கீத் லெவீன் பின்னாளில் 'பப்ளிக் இமேஜ்' குழுவில் புகழ்பெற்றார். மேலாளர் பெர்னி ரோட்ஸ், காதலை விட்டுவிட்டு உங்களைச் சுற்றி நடப்பதை எழுதுங்கள் என்று தூண்டியவர். இந்த ஆட்களின் வரவும் போக்கும் தெரியாமல் பாட்டுக்குப் பொருள் சொல்லப் புகுந்தால் பாதி வழியிலேயே இடறுவோம்.

செய்தி மரபு

முதல் மரபினர் பாட்டைச் செய்தித்தாளின் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள். 'ஒயிட் ரயட்' பாட்டே இவர்களுக்கு மூல பாடம். 1976 ஆகஸ்ட் 30 அன்று நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் மோதல் மூண்டபோது ஸ்ட்ரம்மரும் சிமோனனும் ரோட்ஸும் அங்கே இருந்தார்கள். தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் இது வெள்ளை இனவெறிப் பாட்டு என்று நினைத்தார்கள். இன்றும் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கறுப்பினத்தவர் அடக்குமுறையை எதிர்த்து நிற்கிறார்கள், வெள்ளை இளைஞர்கள் மட்டும் ஏன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்கள் என்ற கேள்விதான் பாட்டின் உள்ளடக்கம். முதல் ஆல்பத்தின் பின்னுறையைத் திருப்பிப் பார்த்தாலே இது விளங்கும்: அந்தத் திருவிழா நாளில் போலீசார் பாய்ந்தோடும் காட்சியின் புகைப்படம் அதில் அச்சாகியிருக்கிறது. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த பெருங்கூட்டத்தில் இந்தக் குழுவே மேடையேறியது. உறையும் மேடையும் சேர்ந்து தரும் சான்றுக்கு மேல் வேறென்ன வேண்டும்?

'கம்ப்ளீட் கன்ட்ரோல்' இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்தோடு குழு ஒப்பந்தம் செய்துகொண்டது. அன்றோடு பங்க் செத்தது என்று கருதியவர்களில் ஒருவர் மார்க் பெர்ரி. ஜெராக்ஸ் தாள்களைச் சேர்த்துத் தைத்து 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற ரசிகர் இதழை நடத்தியவர் அவர். ஒப்பந்தமான சில மாதங்களில், குழுவைக் கேட்காமலேயே 'ரிமோட் கன்ட்ரோல்' பாட்டை நிறுவனம் தனித்தட்டாக வெளியிட்டது. அதற்குப் பதிலாக எழுந்ததுதான் 'கம்ப்ளீட் கன்ட்ரோல்'. நிறுவனத்தைச் சாடும் அந்தப் பாட்டை அதே நிறுவனமே வெளியிட்டது என்பதும் வரலாறு.

'லண்டன் காலிங்' தலைப்புப் பாட்டையும் இம்மரபு திறம்பட விளக்குகிறது. பி.பி.சி. போர்க்காலத்தில் உலகுக்கு விடுத்த அழைப்புக் குரல் தலைப்பில் இருக்கிறது. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் நடந்த அணு உலை விபத்து உள்ளே இருக்கிறது. தேம்ஸ் நதி பெருகி நகரை மூழ்கடிக்கும் என்ற அச்சமும் இருக்கிறது. தேம்ஸ் தடுப்பணை அப்போது கட்டி முடியவில்லை. 1982இல்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்த அச்சத்தைக் கவிஞனின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

இம்மரபின் வழுக்குமிடம் காலக்கணக்கு. 'கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' பாட்டை 1981 ஏப்ரலில் நடந்த பிரிக்ஸ்டன் கலவரத்தின் பாட்டு என்று சொல்வோர் பலர். அந்தப் பாட்டு 1979 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. அதில் வரும் இவான், 'தி ஹார்டர் தே கம்' என்ற 1972ஆம் ஆண்டு ஜமைக்கா படத்தில் ஜிம்மி கிளிஃப் நடித்த பாத்திரம். கலவரத்துக்கு முன்பே அந்தத் தெருக்களில் கனன்றுகொண்டிருந்த பகையை, அங்கே வளர்ந்த சிமோனன் எழுதினார், அவரே பாடினார்.

ஆள் மரபு

இரண்டாம் மரபினர் உறுப்பினர்களின் வாழ்க்கையிலிருந்து பாட்டைத் திறப்பவர்கள். 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' இவர்களுக்குக் கிடைத்த புதையல். பாடுபவர் ஜோன்ஸ். குரலில் இருக்கும் தனிமையைக் கேட்டவர்கள் எழுதியவரும் அவரே என்று கொண்டார்கள். எழுதியவர் ஸ்ட்ரம்மர், ஜோன்ஸின் பிள்ளைப் பருவத்தை மனத்தில் கற்பனை செய்து, ஜோன்ஸே பாடட்டும் என்று எழுதிக் கொடுத்தார். இது தெரிந்த பிறகு பாட்டு மாறிப் போகிறது. அங்காடியில் வழிதவறிய ஒருவனின் புலம்பலாகக் கேட்டது, தோழனின் இளமைத் தனிமையை இன்னொரு தோழன் தாங்கிப் பிடித்த செயலாகக் கேட்கிறது. இவர்கள் இருவரின் நட்பைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் அனைத்தையும்விட இந்த ஒரு பாட்டு அதிகம் சொல்கிறது.

'ஐம் ஸோ போர்ட் வித் தி யு.எஸ்.ஏ.' முதலில் ஜோன்ஸ் எழுதிய காதல் சலிப்புப் பாட்டு. ஸ்ட்ரம்மர் கைக்குப் போனதும் அது அமெரிக்க ஆதிக்கத்தைப் பற்றிய பாட்டாயிற்று. அகத்தை எழுதும் ஜோன்ஸும் புறத்தை எழுதும் ஸ்ட்ரம்மரும் எப்படி இணைந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இம்மரபும் சறுக்கும். 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' 1982இல் வந்தது. ஜோன்ஸ் 1983இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, தன் வெளியேற்றத்தை முன்கூட்டியே பாடினார் என்று சொல்பவர்கள் ஏராளம். ஜோன்ஸ் அதை மறுத்திருக்கிறார். நல்ல ராக் பாட்டு ஒன்று பாட விரும்பினோம், அவ்வளவுதான் என்பது அவர் நிலை. பின்னால் நடந்ததை முன்னால் எழுதியதன்மேல் ஏற்றுவது வாழ்க்கை வரலாற்று விமர்சனத்தின் பழைய நோய்.

ஓசை மரபு

மூன்றாம் மரபினர் சொல்லைப் பின்னுக்குத் தள்ளிக் காதை முன்னுக்கு வைப்பவர்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மற்றவர் தவறவிடுவதைப் பிடிப்பவர்கள் இவர்களே. முதல் ஆல்பத்திலேயே ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' என்ற ரெக்கே பாட்டைக் குழு எடுத்தாண்டது. இரண்டு நிமிடப் பாட்டுகளுக்கு நடுவே அது ஆறு நிமிடம் ஓடுகிறது. வெள்ளை இளைஞர்கள் ஜமைக்கா இசையை ஜமைக்காக்காரர்களைப் போல நடிக்காமல் தங்கள் கிடாரின் கரடுமுரட்டோடு வாசித்தார்கள். 'ஒயிட் ரயட்' சொல்லால் கேட்ட ஒற்றுமையை இந்தப் பாட்டு தாளத்தாலேயே நிறைவேற்றிவிட்டது என்பது ஓசை மரபினரின் கட்சி. அது சரியென்றே நானும் கருதுகிறேன். 1978இல் வந்த 'ஒயிட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பேலே' அந்த வழியில் இன்னும் ஒரு படி. ரெக்கே நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன ஸ்ட்ரம்மர், புரட்சிப் பாடல்களை எதிர்பார்த்து, கேளிக்கை மேடையைக் கண்டு ஏமாந்து திரும்பிய அனுபவம் அது. வேகத்தையே பங்க் என்று நம்பிய ரசிகர்களுக்கு அதன் நிதானம் அதிர்ச்சி தந்தது.

'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டைச் சற்று நெருங்கிக் கேட்போம். பாட்டில் மூன்று நிலங்கள்: ஆலை மூடிய பிரிட்டிஷ் ஊர், தந்தை கைவிட்ட குழந்தையின் வியட்நாம், குடியேறிகளின் அமெரிக்கா. வேலையிழந்தவனும் குழந்தையும் குடியேறியும் ஒரே வாசலில் விரட்டப்படுகிறார்கள். இதற்கு ராக் தாளம் பொருந்தாது என்று கண்ட ஹெடன், பிரேசிலின் போஸா நோவாவை ஒட்டிய தாளத்தைப் பிடித்தார். ஒலிப்பதிவின்போது ஒரு லெமனேட் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஸ்ட்ரம்மரிடம் கொடுத்து, பேஸ் டிரம்மின் முகப்பில் அடிக்கச் சொன்னார். கூச்சலே இல்லாத இந்தப் பாட்டு, குழுவின் எந்தக் கூச்சலைவிடவும் ஆழமாகக் கீறுகிறது. அந்தக் கீறலைப் போட்டது ஹெடனின் கை.

பயன்பாட்டு மரபு

நான்காம் மரபினர், பாட்டு வெளியான பிறகு அது எங்கெல்லாம் போயிற்று என்று பின்தொடர்பவர்கள். 'ராக் தி காஸ்பா' இவர்களின் துயரக் கதை. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் ஹெடன் தனியாளாக வாசித்துப் பதிவு செய்த மெட்டு அது. பாட்டுகளெல்லாம் ராகம்போல நீள்கின்றனவே என்று ரோட்ஸ் சலித்துக்கொண்ட பேச்சே ஸ்ட்ரம்மருக்குத் தொடக்கமாயிற்று. இசையைத் தடை செய்யும் ஆட்சியாளரை மக்கள் ஆடிப்பாடி மீறும் கதையாக அதை அவர் வளர்த்தார். பாட்டு அமெரிக்காவில் பெருவெற்றி கண்டபோது ஹெடன் குழுவில் இல்லை. ஹெராயின் பழக்கத்தால் 1982 மே மாதமே விலக்கப்பட்டிருந்தார். காணொளியில் டிரம்ஸ் வாசிப்பவர் டெர்ரி சைம்ஸ். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படை வானொலி இதே பாட்டை ஒலிபரப்பியது. குண்டின்மேல் பாட்டின் தலைப்பை எழுதினார்கள் என்று கேட்டு ஸ்ட்ரம்மர் மனமுடைந்தார். தடையை மீறும் பாட்டைக் குண்டுவீச்சின் கீதமாக்கியது பாட்டுக்கு இழைத்த அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. ஹவுன்ஸ்லோவில் பிறந்த ஈழத்தமிழர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு இருக்கிறது. அதன் அடித்தளம் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் தொடக்க இசை. குடியேறிகள் மேல் சுமத்தப்படும் சந்தேகத்தைப் பற்றிப் பேசும் அந்தப் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் கிளாஷ் நால்வரின் பெயரும் இருக்கிறது. கடன் வாங்கியவர் மூலத்தின் பொருளையும் சேர்த்து வாங்கினார் என்பதற்கு இது உயர்ந்த எடுத்துக்காட்டு.

அளவுகோல்கள்

நான்கு மரபுகளையும் வைத்துப் பார்க்கும்போது சில அளவுகோல்கள் தாமே தெளிகின்றன. முதலாவது காலம்: பாட்டு வெளியான தேதிக்குப் பின் நடந்ததைப் பாட்டின் பொருளாக்கக் கூடாது. இரண்டாவது ஆசிரியம்: பாடியவரும் எழுதியவரும் ஒருவரென்று கருதிவிடக் கூடாது. 'சாண்டினிஸ்டா!' ஆல்பத்தின் 36 பாட்டுகளில் குழுவின் சொந்தப் பாட்டுகளுக்கெல்லாம் குழுவின் பெயரே போடப்பட்டது. அங்கே இன்னும் கவனம் வேண்டும். மூன்றாவது தாளம்: சொல்லும் பொருளைத் தாளம் மறுக்கிறதென்றால் விளக்கத்தைத் திருத்த வேண்டும். நான்காவது ஆசிரியர் வாக்கு: அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் பேட்டியில் சொன்னது ஒலித்தட்டில் உள்ளதை அழித்துவிடாது. இந்த நான்கில் குறைந்தது மூன்றிலாவது தேறும் விளக்கத்தை ஏற்கலாம். ஒன்றே ஒன்றில் மட்டும் நிற்பதை ஊகம் என்று சொல்லி ஓரமாக வைக்கலாம்.

ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பர் 22 அன்று ஐம்பது வயதில் காலமானார். அதற்கு முந்தைய மாதம் தீயணைப்பு வீரர்களின் வேலைநிறுத்த நிதிக்காக ஆக்டனில் அவர் பாடிய மேடையில், கூட்டத்திலிருந்து ஏறிவந்து கிடார் பிடித்தவர் மிக் ஜோன்ஸ். குழுவை முழுதாக அறிய விரும்பும் இளைய ரசிகர்களே, 'லண்டன் காலிங்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பாட்டையும் யார் எழுதினார், யார் பாடினார், டிரம்ஸ் என்ன சொல்கிறது என்று கேட்டபடி கேளுங்கள். பிறகு வாதத்துக்கு வாருங்கள். அங்கே உங்களுக்கும் இடம் இருக்கிறது.