நீலி எங்கிருந்து வந்தாள்?

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் நாலடியாரில் ஏதாவது ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இரண்டு நோட்டுப் புத்தகம் நிறையப் பேய்க் காதல் கதை எழுதி வைத்திருக்கிறாள். மருமகள் அவற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மாமா, விளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிக்கிற வீடு இது. இதுல பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். நீங்களே படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

நான் பண்டிதன் அல்லன். ஒக்கலிபுரத்தில் குடியிருந்து பாத்திர வியாபாரம் செய்தவன். படித்ததெல்லாம் கடை அடைத்த பிறகு, மாடி அறையில். ஆனாலும் பெரியவன் என்ற ஒரே காரணத்தால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

கதை இதுதான். பனி கொட்டும் ஒரு நாடு, மலைமேல் கோட்டை, அதில் இருநூறு வயதாகியும் இளைஞனாகவே இருக்கும் ஒரு பிரபு. அவன்மேல் ஒரு பெண்ணுக்குக் காதல். அவன் அவளைக் காதலிக்கவும் வேண்டும், அவள் ரத்தத்தைக் குடிக்காமலும் இருக்க வேண்டும். இந்த இழுபறியில் இரண்டு நோட்டும் தீர்ந்துவிடுகின்றன. "இது எங்கேம்மா கிடைச்சுது?" என்று கேட்டேன். 'ட்விலைட்' என்றாள். 2005இல் வந்த அமெரிக்க நாவல். அதை எழுதிய ஸ்டெபனி மேயர் என்ற பெண்மணி, அந்தக் கதை தமக்கு 2003 ஜூன் மாதம் ஒரு கனவில் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதில் வரும் நல்ல ரத்தக்காட்டேரிகள் மனிதரைத் தொடாமல் மிருகங்களின் ரத்தத்தை மட்டும் குடித்துவிட்டு, தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். எங்கள் வீட்டில் அது செல்லாது என்று சொன்னேன். அவளும் சிரித்துவிட்டாள்.

மருமகளுக்கு ரத்தம்தான் குறை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பேத்தி அந்தக் கோட்டையைப் பார்த்ததில்லை என்பதும் குறை இல்லை. 1897இல் 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கரும் டிரான்சில்வேனியாவுக்குப் போனவர் அல்லர். ஆனால் அவருடைய பயம் சொந்தப் பயம். வெளிதேசத்தான் ஒருவன் கப்பலேறி வருகிறான், லண்டனில் வீடு வாங்குகிறான், நம் வீட்டுப் பெண்களைத் தொடுகிறான். அந்தக் காலத்து லண்டன்காரனை உலுக்கிய பயம் அது. கோட்டை வெறும் அட்டைப்படம். என் பேத்தி அட்டைப்படத்தைக் கடன் வாங்கிவிட்டாள், பயத்தை வாங்க மறந்துவிட்டாள்.

"நம்ம ஊர்ல என்ன தாத்தா இருக்கு?" என்றாள்.

என்ன இல்லை? 1990களில் பெங்களூரில் பல வீட்டுக் கதவுகளில் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதியிருப்பார்கள். நாளை வா என்று பொருள். இரவில் ஒரு பெண் பேய் தெருவில் வரும், வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்த குரலில் கூப்பிடும், கதவைத் திறந்தால் உயிர் போகும். எழுத்தைப் படித்தால் திரும்பிப் போய்விட்டு மறுநாள் வரும், மறுநாளும் அதே எழுத்தைப் படிக்கும். எங்கள் சந்தில் கன்னடம் எழுதத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள்கூட அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டன. பேய்க்குக் கன்னடம்தான் தெரியும் என்று நம்பினோம் போலிருக்கிறது! 2018இல் வந்த 'ஸ்த்ரீ' என்ற இந்திப் படம் இந்தக் கதையை வைத்துத்தான்.

பேயின் பாஷையைப் பற்றிச் சொன்னேன். சினிமாவிலும் இதைப் பாருங்கள். 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' கதையில் பழிவாங்க வரும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நர்த்தகி. 2004இல் அதே கதை 'ஆப்தமித்ர' என்று கன்னடத்துக்கு வந்தது, நாகவல்லி தெலுங்குக்காரி ஆனாள். 2005இல் தமிழில் 'சந்திரமுகி', அவளும் தெலுங்குக்காரி. 2007இல் இந்தியில், வங்காளத்து நர்த்தகி. நான்கு பாஷையிலும் வீட்டுக்காரன் உள்ளூர்க்காரன், பேய் வெளியூர்க்காரி. அவளை அழித்தவன் அந்த வீட்டு எஜமானன். தப்புச் செய்தது வீடு, பயமுறுத்துவது அவள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது உறைக்க வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது ஓர் இரவு எங்கள் கதவு தட்டப்பட்டது. கால் மணி நேரம் நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் தட்டியது பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள், குழந்தைகளுக்குப் பால் கொண்டுவந்திருந்தார். தெரிந்த குரல்தான். அந்தக் கால் மணி நேரம் எங்களுக்கு அது தெரிந்த குரலாகக் கேட்கவில்லை. பேய்க்கதை பிறக்கிற இடம் அந்தக் கால் மணி நேரம் என்பது என் எண்ணம்.

இனி நீலி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் போகும் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே சென்னைப் பக்கம் போனால், அரக்கோணம் தாண்டித் திருவாலங்காடு என்ற சின்ன ஸ்டேஷன் வரும். அதை ஒட்டிய பழையனூர்தான் நீலியின் ஊர். நீலிக் கண்ணீர் என்று நாம் சொல்கிறோமே, அந்த நீலி. ஒருவன் ஆசை காட்டி மணந்த பெண்ணைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து வரும் அவனைத் தேடுகிறாள். அவனிடம் பேயை விலக்கும் ஒரு கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. மனைவி உருவெடுத்து, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் வந்து அழுகிறாள்: என் கணவர் என்னை ஒதுக்குகிறார். வணிகன் இவள் பேய் என்கிறான். ஊர் எதை நம்பும்? குழந்தையை நம்பியது, கண்ணீரை நம்பியது. கத்தியை எங்களிடம் கொடு, உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைத் தருகிறோம் என்றது. விடிந்தபோது வணிகன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரே தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த நிகழ்ச்சியைச் சுட்டிப் போகிறார். அவ்வளவு பழைய கதை.

இதைப் பேய்க்கதை என்பார்கள். ஒரு வியாபாரியாக எனக்கு இது ஜாமீன் கதை. எழுபது பேர் ஆளை விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள், பிறகு கையெழுத்தைக் காப்பாற்றினார்கள். பயமும் அங்கேதான் இருக்கிறது. நீலியின் கோரைப்பல்லை எந்தக் கதைசொல்லியும் இரண்டு வரியில் முடித்துவிடுவான். சபையில் அவள் அழும் இடத்துக்கு வரும்போதுதான் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். காரணம், அவள் சொல்வது பொய், ஆனாலும் முற்றும் பொய் அன்று. இவன் என் கணவன், என்னை அழித்தான் என்பது முன்பிறவிக் கணக்கில் உண்மைதானே? அந்த வழக்கை அவள் எந்தச் சபையிலும் நேராகச் சொல்ல முடியாது. ஆகவே பொய் வழக்காகக் கொண்டுவருகிறாள். காதலும் பேயும் ஒட்டிக்கொள்ளும் இடம் இது. பனி நாட்டுப் பிரபுவிடம் இது கிடைக்காது.

எங்கள் சமணப் பெரியோர் ஒருவர், பெயர் தெரியவில்லை, இந்த நீலியைத்தான் எடுத்து 'நீலகேசி' என்ற காப்பியம் செய்தார். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு அதை 1936இல் அச்சிட்டவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். பாஞ்சால தேசத்தில் காளிக்குப் பலியிட ஆடுகளைக் கொண்டுவருகிறார்கள். முனிசந்திரர் என்ற முனிவர், உயிருக்குப் பதில் மண்ணால் செய்த உருவங்களை வையுங்கள் என்கிறார். பலி இழந்த காளி, அவரை விரட்ட முடியாமல், தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். வெளியூர் ஆள், கவனிக்க! நீலி முதலில் பயமுறுத்துகிறாள், பலிக்கவில்லை. பிறகு அரசகுமாரியாக அழகு காட்டி மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அவளைக் கண்டுகொள்கிறார். அவள் தன்னை ஒப்புக்கொடுத்து அறம் கேட்கிறாள். அதன்பின் ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி எல்லாரோடும் வாதிட்டு வெல்கிறாள்.

பேயை அடித்து விரட்டாமல் அவளுக்குப் பேச்சைக் கொடுத்த நூல் என்று இதை நான் பல மேடைகளில் புகழ்ந்திருக்கிறேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பேத்தியின் நோட்டைப் படித்த கையோடு மறுபடி நீலகேசியைப் புரட்டியபோது ஒன்று இடித்தது. சொல்லவே மனம் வரவில்லை, எங்கள் நூல். பத்துச் சருக்கத்தில் முதல் சருக்கத்தோடு பெண் மறைந்துவிடுகிறாள், தர்க்கம் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாம் சருக்கத்தில் அவள் எதிர்கொள்வது குண்டலகேசியை. அவள் யார்? வணிகன் மகள், கொலைக்களத்துக்குப் போகும் கள்வனைப் பார்த்துக் காதலித்து மணந்தவள். ஊடலில் சொன்ன ஒரு சொல்லுக்காக அவன் அவளை மலையுச்சிக்குக் கொண்டுபோய்க் கொல்லப் பார்த்தான். உம்மை வலம் வந்து சாகிறேன் என்று சுற்றி வந்து, அவள் அவனைத் தள்ளிவிட்டாள். கணவன் கையால் வஞ்சிக்கப்பட்டு, கணவனைக் கொன்ற இரண்டு பெண்கள் ஒரே சபையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் இப்படி ஒரு காட்சி வேறு எங்கே உண்டு? ஆனால் நடப்பதோ பௌத்தக் கொள்கையைப் பற்றிய வாதம். உனக்கும் அப்படியா நடந்தது அம்மா என்று ஒருத்தி மற்றவளைக் கேட்கும் இடம் வரவே இல்லை. சமயத்துக்குப் பெரிய வெற்றி. கதைக்கு நஷ்டம்.

மருமகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பேத்தியும் அதையே வேறு மாதிரி கேட்டாள். "தாத்தா, நான் எழுதறதுல ஆளுங்க சாகறாங்க. மனசால கொன்னாலும் பாவம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆம், சொல்லிக் கொடுத்தேன். அதற்குச் சான்று யசோதர காவியம். நம் பெங்களூர் அன்பர்கள் இதைக் கன்னட வழியாகவும் அறிவார்கள். ஜன்னன் 1209இல் 'யசோதர சரிதெ' பாடினார், கிரீஷ் கார்னாட் 'ஹிட்டின ஹுஞ்ஜ' என்று நாடகமாக்கினார். அரசி அமிர்தமதி ஓர் இரவில் யானைப்பாகன் பாடுவதைக் கேட்கிறாள். பாட்டுக்காகவே அவனிடம் மனம் போகிறது. ஆளைப் பார்த்தால் கூன் விழுந்து அருவருப்பானவன், அதன் பிறகும் போகிறாள். அடி வாங்கியும் போகிறாள். அரசன் இதை இருட்டில் நின்று பார்த்துவிடுகிறான். மனம் கலங்கிய மகனிடம் தாய், பலி கொடு என்கிறாள். அவன் உயிர்ப்பலிக்கு இசையாமல் மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். அரசி இருவருக்கும் நஞ்சு வைக்கிறாள். பிறகு தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பிறவி பிறவியாக அடிபடுகிறார்கள். வெட்டியது மாவைத்தான். ஆனால் வெட்டும்போது மனத்தில் இருந்தது கோழி.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நீலகேசியில் முனிவரே மண் உருவத்தை வைக்கச் சொல்கிறார், யசோதரத்தில் மாக்கோழி பிறவிக்கு வித்தாகிறது. இரண்டும் எங்கள் நூலே. எனக்குத் தோன்றுவது: மண் ஆட்டை வைத்தவன் அதை வெட்டவில்லை, கொல்ல வேண்டாம் என்று வைத்தான். மாக்கோழியை அரசன் ஓங்கி வெட்டினான். உருவம் ஒன்றுதான், கை வேறு. எழுதுகிறவன் கையும் இப்படித்தான். வெட்டுவதன் ருசிக்காக ஒரு பாத்திரத்தைச் சாகடித்தால் அது மாக்கோழி. யசோதரத்தைப் பாடியவர் கொலையும் கள்ளக் காதலும் நஞ்சும் எல்லாம் எழுதினார். ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் அடுத்த பிறவியில் கணக்குக் காட்டினார். பேத்தியின் நோட்டில் ஏழாம் பக்கத்தில் ஒரு பணிப்பெண் சாகிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. கோட்டையில் யாரும் அவளைத் தேடவும் இல்லை.

"ரத்தம் இருக்கட்டும்மா, அந்தப் பொண்ணுக்கு ஒரு பேர் வை" என்று மட்டும் மருமகள் முன்னால் தீர்ப்புச் சொன்னேன். மருமகளுக்கு அதில் திருப்தி இல்லை. பெரியவர் பிள்ளைக்குப் பரிந்து பேசிவிட்டார் என்று அடுக்களையில் பேச்சு நடந்தது.

பத்து நாள் கழித்துப் பேத்தி மூன்றாவது நோட்டைக் கொண்டுவந்தாள். கோட்டை போய்விட்டது. எல்லா வாதமும் வென்று முடித்த நீலி, வயதாகி, குண்டலகேசியையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். பெங்களூரில் ரயில் ஏறுகிறார்கள். இரவெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவரவர் கணவனைப் பற்றி முதல் தடவையாகப் பேசிக்கொள்கிறார்கள். விடியற்காலையில் மெயில் திருவாலங்காட்டில் நிற்கிறது, இருவரும் இறங்குகிறார்கள். அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு திருத்தம் போட்டேன். மெயில் அங்கே நிற்காது. அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் பிடிக்க வேண்டும்.