கணக்கில் வராத மகன்

அரபு மொழியில் மேற்குத் திசைக்குக் 'கர்ப்' என்று பெயர். பிறந்த மண்ணை நீங்கி வாழும் நிலை 'குர்பத்' எனப்படும். அவ்வாறு வாழ்பவன் 'கரீப்'. மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். கதிரவன் மறையும் திசையும் ஊரை விட்டவனின் தனிமையும் ஒரு வேரில் அடங்கியிருப்பதை எண்ணி வியக்காத அரபு மாணவர் இரார். மேற்கு நோக்கிக் கப்பலேறிய இத்தாலிய ஏழைகளைப் பற்றிய நாவலொன்றைப் படித்து முடித்தபோது அந்த வேர்ச்சொல்லே நம் நினைவில் நின்றது.

1880-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட 40 ஆண்டுகளில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் மிகப் பலர் தென் இத்தாலியின் ஏழை உழவர்கள். அத்தகைய குடும்பம் ஒன்றின் வரலாறே மாரியோ பூஸோ 1965-இல் வெளியிட்ட 'தி ஃபார்ச்சுனேட் பில்கிரிம்'. 'பேறு பெற்ற யாத்திரிகர்' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். இதே ஆசிரியர் 1969-இல் எழுதிய 'தி காட்ஃபாதர்' உலகெங்கும் பரவியது. இந்நூலோ அதிகம் விற்கவில்லை. ஆயினும் தம் படைப்புகளுள் சிறந்தது இதுவே என்று பூஸோ கருதினார். காட்ஃபாதரின் தலைவன் வாய் திறக்கும்போதெல்லாம் தம் செவியில் ஒலித்தது தம் தாயின் குரலே என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். ஆகவே அந்தத் தாயைக் காண விழைவோர் வர வேண்டிய இடம் இந்த நாவல்தான்.

கதைத் தலைவி லூசியா சாந்தா, மலைநாட்டு உழவர் மகள். மணப்பெண் கொண்டு செல்ல வேண்டிய துணிச் சீரைத் தர இயலாது என்று தந்தை கைவிரித்துவிடுகிறார். சீரில்லாத மணமகளை ஊர் மதியாது. அந்நிலையில், அமெரிக்காவில் இருக்கும் ஒருவனுக்குப் பதிலாள் நிற்க, அவளுக்குத் திருமணம் நடக்கிறது. கடல் கடந்து செல்கிறாள். ஈண்டு ஒன்றை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். பழைய மரபை அவள் துறந்து போகவில்லை. மரபு விதித்த கடமையை மரபே நிறைவேற்ற இயலாமல் போனதால் அவள் வெளியேற நேர்ந்தது. புலம்பெயர்ந்தோர் கதைகள் பலவற்றில் பிறந்த ஊர் பொன்னுலகமாகக் காட்சி தரும். பூஸோ அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

நியூயார்க் நகரின் பத்தாவது அவென்யூவில், இருப்புப் பாதையை அடுத்த வாடகைக் குடியிருப்பில், அவள் ஆறு பிள்ளைகளை வளர்க்கிறாள். முதற்கணவன் துறைமுக விபத்தில் இறக்கிறான். இரண்டாம் கணவன் மனம் பேதலித்து மருத்துவமனை சேர்கிறான். அவனை மீட்டு அழைப்பதா, பிள்ளைகளைக் காப்பதா என்ற நிலை வரும்போது, அவள் பிள்ளைகளைத் தேர்ந்து கணவனை அங்கேயே விட்டுவிடுகிறாள். இம்முடிவுக்காக ஆசிரியர் அவளைத் தூற்றவுமில்லை, போற்றவுமில்லை. பூஸோ 1920-இல் பிறந்ததும் இப்பகுதியில்தான். அவருடைய தந்தையும் மனநோய்க்கு ஆளானவர். அந்த அறிவு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

இந்நூலைப் பழைய மரபுக்கும் புதிய நாட்டுக்கும் நடக்கும் போர் என்றே பலரும் படிப்பர். தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்குச் சரியானால் தாயை மீறிய பிள்ளைகள் அழிந்திருக்க வேண்டும். பணிந்த பிள்ளை வாழ்ந்திருக்க வேண்டும். நாவலில் நடப்பது அதற்கு நேர்மாறு. மூத்தவன் லாரி வன்முறையால் பணம் பறிப்போருடன் சேர்கிறான், நன்றாகவே பிழைக்கிறான். அவன் தரும் பணத்தின் பிறப்பிடத்தைத் தாய் துருவிக் கேட்பதில்லை. மூத்த மகள் ஒக்டேவியா ஆசிரியையாகும் கனவை இழந்து தையல் வேலைக்குச் செல்கிறாள். பின்னர் யூத இளைஞன் ஒருவனை விரும்பி மணந்து தன் வழியே போகிறாள். விளையாட்டுப் பிள்ளையாகிய ஜினோ எப்போதும் வீட்டை விட்டு ஓடத் துடிப்பவன். போர் மூண்டதும் மகிழ்ச்சியோடு படையில் சேர்கிறான். மூவரும் வாழ்கிறார்கள்.

மாண்டவன் வின்னி. சிறுவயதிலேயே விடுமுறை நாள்களில் ரொட்டிக்கடைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவன். வளர்ந்ததும் இருப்புப்பாதை நிறுவனத்தில் இரவுநேர எழுத்தர். சொன்னதைச் செய்தான், சம்பளத்தைக் கொடுத்தான், எதையும் கேட்கவில்லை. ஓரிரவு இரயில் எஞ்சினுக்கு இரையாகிறான். அது விபத்தா, அவனே தேடிக்கொண்டதா என்ற ஐயம் அந்த வீட்டின் மீது நிழலாகக் கவிந்துவிடுகிறது.

நாவலின் தொடக்கத்தை இங்கு நினைவுகூர வேண்டும். அக்காலத்தில் அத்தெருவின் நடுவே சரக்கு இரயில்கள் ஓடின. மக்களை எச்சரிக்க இரயிலுக்கு முன்னால் குதிரை மீது ஒருவன் செல்ல வேண்டும் என்பது நகரச் சட்டம். 1941 வரை அவ்வழக்கம் நீடித்தது. முதற்காட்சியில் அவ்வாறு குதிரையேறி வருபவன் லாரி! ஊராரை இரயிலிலிருந்து விலக்கிக் காப்பது அண்ணனின் தொழில். அதே இருப்புப்பாதையில் தம்பி மடிகிறான். தம்பிக்கு முன்னால் விளக்கேந்திச் செல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. ஓடுகிறவன் மீது எல்லாருக்கும் கண் இருந்தது. நின்றவன் மீது எவருக்கும் இல்லை. இந்நூல் நமக்குச் சொல்லும் செய்தி இதுவே என்பது நம் துணிபு.

குறையும் சொல்லியாக வேண்டும். வின்னியின் உள்ளத்தை ஆசிரியர் நமக்குத் திறந்து காட்டியது மிகக் குறைவு. ஜினோவுக்கு வாரி வழங்கிய பக்கங்களில் சிலவற்றை இவனுக்குத் தந்திருக்கலாம். ஜினோவிடம் ஆசிரியர் தம்மையே கண்டார் போலும். அந்தப் பாசம் நாவலின் சமநிலையைச் சற்றே சாய்த்துவிட்டது. தாயைப் போலவே ஆசிரியரும் வின்னியை அவன் இறந்த பிறகுதான் கவனித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. கடைப்பிள்ளைகளான சால், லீனா இருவரும் பெயரளவிலேயே நிற்கின்றனர்.

ஏறக்குறைய இதே காலத்தில், இதே நியூயார்க்கில், லெபனான், சிரியா நாடுகளிலிருந்து வந்த அரபு எழுத்தாளர்கள் 1920-இல் 'அர்ராபிதத்துல் கலமிய்யா' என்ற எழுத்தாளர் கழகத்தை அமைத்தனர். கலீல் ஜிப்ரான் அதன் தலைவர். 'மஹ்ஜர்' இலக்கியம் எனப்படும் அவர்களுடைய கவிதைகளில் தாய்நாட்டு ஏக்கம் பெருகி ஓடும். லூசியா சாந்தாவுக்கு அந்த ஏக்கம் இல்லை. ஏங்குவதற்கு அவளுக்கு நேரமும் இல்லை; திரும்பிப் பார்க்கத்தக்க ஊரும் இல்லை. எழுதத் தெரிந்தவனின் குர்பத்தும் அடுப்படியில் நிற்பவளின் குர்பத்தும் ஒன்றல்ல என்பதை இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர் உணர்வர்.

முடிவில் அக்குடும்பம் லாங் ஐலண்டில் சொந்த வீட்டுக்குக் குடிபெயர்கிறது. இளமைக் கனவு கைகூடிய நாளில் தாய் அழுகிறாள். இவ்வளவையும் தான் விரும்பியதை அவள் மறுக்கவில்லை. இத்துன்பங்கள் இன்றி இவை வரவேண்டும் என்றே விரும்பியிருந்தாள். தலைப்பிலுள்ள 'பேறு' என்ற சொல்லின் கசப்பு அங்கேதான் நாவில் தட்டுகிறது.

பொருள் தேடிப் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிய வீடுகள் நம்மிடையே பல. சொற்கேளாப் பிள்ளையைப் பற்றியே அவ்வீடுகளில் இரவெல்லாம் பேச்சு நடக்கும். மாதம் தவறாமல் பணம் அனுப்பி, 'நலமாக இருக்கிறேன்' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பேச்சே எழாது. இந்நாவலைப் படித்து முடிக்கும் உம்மாவோ வாப்பாவோ அன்றிரவு அந்தப் பிள்ளையை அழைத்து, பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல், அவனைப் பேசவிட்டுக் கேட்பாராயின், பூஸோ எழுதியது வீண்போகவில்லை.