கண்ணாடியில் பிடித்த வெயில்

படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நம்மவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, ‘கதை சுமார்தான், ஆனா கேமரா சூப்பர்!’ மலையும் அருவியும் பளிச்சென்று தெரிந்தால் போதும், ஒளிப்பதிவு பிரமாதம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விவரம் தெரிந்த அன்பர்கள் சிலர் ஒரு படி மேலே போய், ‘இயற்கை வெளிச்சந்தான் சார் நிஜம், லைட் போட்டு எடுப்பதெல்லாம் நாடகம்’ என்பார்கள். இரண்டுமே அரைகுறைத் தீர்ப்புகள். நம் பெங்களூரோடும் கன்னடத் திரையோடும் தொடர்புடைய இரு கலைஞர்களே இதற்குச் சாட்சி.

முதலாமவர் வி.கே.மூர்த்தி. 1923இல் மைசூரில் பிறந்து, பெங்களூர் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்று பம்பாய் சென்றவர். குருதத் இயக்கத்தில் இவர் ஒளிப்பதிவு செய்த ‘காகஸ் கே பூல்’ (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். விசாலமான காட்சியை லென்ஸ் பக்கவாட்டில் நெருக்கிச் சாதாரண பிலிமில் பதிய, திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். அந்த அகலத்தைக் கூட்டமும் கோட்டையும் காட்டப் பயன்படுத்தாமல், சேர முடியாத இருவருக்கு நடுவிலுள்ள வெறுமையைக் காட்டப் பயன்படுத்தினார் மூர்த்தி. ஆளில்லாத ஸ்டுடியோவில் மேலிருந்து சாய்ந்து இறங்கும் அந்த ஒளிக்கற்றையை யார் மறப்பார்? வெளியே அடித்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் பிடித்து அரங்குக்குள் திருப்பி எடுத்தது அது. இதை இயற்கை ஒளி என்பதா, செயற்கை ஒளி என்பதா? கேள்வியே தப்பு என்று புரிகிறதல்லவா!

இரண்டாமவர், மட்டக்களப்பு தந்த பாலு மகேந்திரா. அவர் முதலில் இயக்கிய படம் ‘கோகிலா’ (1977), கன்னடப் படம். அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தை நம்பியவர் என்று இவரைப் புகழ்கிறோம், சரி. ஆனால் எந்த ஜன்னல், எந்த நேரம், முகத்தில் எவ்வளவு நிழல் என்று தேர்ந்தெடுத்தது யார்? ‘மூன்றாம் பிறை’யில் (1982) ஊட்டியைச் சுற்றுலாப் படமாக்காமல் அடங்கிய நிறங்களில் வைத்ததால்தானே அந்த ரயில் நிலைய முடிவு இன்றும் நெஞ்சை அடைக்கிறது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மகேந்திரனின் முதல் படம் ‘முள்ளும் மலரும்’ (1978), மணிரத்னத்தின் முதல் படமான கன்னட ‘பல்லவி அனு பல்லவி’ (1983) இரண்டுக்குமே ஒளிப்பதிவு பாலு மகேந்திராதான். அனுபவசாலி ஒருவர் புதியவரின் கண்ணுக்குத் துணை நின்றார். அந்தப் பக்கம், ‘காகஸ் கே பூல்’ படுதோல்வி அடைந்த பிறகும் குருதத் மூர்த்தியை விடவில்லை; ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ (1962) வந்தது. நல்ல ஒளிப்பதிவுக்குக் கருவி மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும்.

2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது மூர்த்திக்குக் கிடைத்தது. அவ்விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவரே. 2014 பிப்ரவரியில் பாலு மகேந்திரா மறைந்தார். ஏப்ரலில் மூர்த்தி, நம் பெங்களூரிலேயே. கடைசிக் காலத்தில் இந்த ஊரில்தான் வாழ்ந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

இன்று படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை விருப்பம்போல மாற்றலாம். அதனால் நம் பார்வை இன்னும் கூர்மையாக வேண்டும். அடுத்த முறை ‘கேமரா சூப்பர்’ என்று பிள்ளைகள் சொன்னால், ‘அந்த வெளிச்சம் கதையில யாருக்காக விழுந்துச்சு, சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டுப் பாருங்கள்.