கோடு இல்லாத நீர்

நீச்சல் குளத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். தலையைக் கவிழ்த்தபடி அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், சுவர் வந்துவிடும். கடலிலும் ஏரியிலும் கோடும் கிடையாது, சுவரும் கிடையாது. போகும் திசையை நீந்துபவர்தான் கண்டுபிடித்தாக வேண்டும். திறந்தவெளி நீச்சல் என்னை ஈர்ப்பது அதனால்தான்.

தேர்ந்த கடல் நீச்சல்காரர் ஒருவரைக் கரையிலிருந்து கவனியுங்கள். ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை, முதலையைப் போலக் கண்கள் மட்டும் நீருக்கு மேலே வரும். கலங்கரை விளக்கமோ உயர்ந்த கட்டடமோ கண்ணில் பட்டதும் முகம் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துக்கொண்டு அமிழ்ந்துவிடும். எல்லாம் ஒரே அசைவு! புதிதாக வருபவர் தலையை முழுதாகத் தூக்குவார். தலை ஏறினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து வேகம் போய்விடும். பார்க்கும் தருணமும் முக்கியம்: அலையின் முகட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பள்ளத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் மட்டுமே தெரியும்.

மூச்சுக்கும் ஒரு நுட்பம் உண்டு. இருபுறமும் மூச்செடுக்கப் பழகியவர், அலை ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். குளிர்ந்த நீரில் இறங்கியதும் மார்பு இறுகி மூச்சு தாறுமாறாகும். சில நிமிடங்களில் தணியும். அதுவரை அவசரப்படாமல் மிதந்தபடி, மூச்சை நீளமாக வெளியே விடுபவரே நன்றாகத் தொடங்குகிறார்.

இவை கைவந்த பிறகும் நீரோட்டம் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயின் அகலம், மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். 1875 ஆகஸ்டில் அதை நீந்திக் கடந்த மேத்யூ வெப், மார்பு நீச்சலிலேயே 21 மணி 45 நிமிடம் எடுத்துக்கொண்டார். கடலின் ஏற்ற இறக்கமான ஓதம் இழுத்த இழுப்பில் அவர் நீந்திய தூரம் ஏறக்குறைய இரு மடங்கு. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே ஓதம் திசை மாறுவதால், கடந்தவர்களின் தடங்கள் வரைபடத்தில் நெளிந்துதான் போகின்றன. 1959 ஆகஸ்டில் இந்திய நீச்சல் வீராங்கனை ஆரத்தி சாஹா இங்கிலாந்துக் கரையை நெருங்கியும் எதிர் நீரோட்டத்தால் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அடுத்த மாதம், செப்டம்பர் 29 அன்று, அதே கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். கை வலிமை மட்டும் போதாது. நீர் எந்த நேரம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிந்து, அதற்கேற்ப இறங்குவதும் இந்தக் கலையில் சேர்ந்ததே.

தொடங்க விரும்புபவர், உயிர்காப்பாளர் இருக்கும் கரையில், பழகிய துணையோடு, இடுப்பில் பளிச்சென்ற மிதவை கட்டிக்கொண்டு இறங்கட்டும். கரையை ஒட்டியே, ஆழம் குறைந்த நீரில், ஓர் அடையாளத்தைக் குறிவைத்துச் சிறிது தூரம் நீந்தட்டும். பிறகு நின்று, தன் தடம் எவ்வளவு கோணியது என்று திரும்பிப் பார்க்கட்டும். அந்தக் கோணல் குறையக் குறைய நீச்சலில் அழகு கூடும்.